ஏஎம்இ லைசென்ஸ்: கையெழுத்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழி

பழுது பார்த்து முடித்த விமானம் மறுபடி பறக்க வேண்டுமென்றால், வேலை முறைப்படி முடிந்தது, விமானம் சேவைக்குத் தயார் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். துறையில் இதை சிஆர்எஸ் என்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு அடிப்படையான தகுதிதான் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ், சுருக்கமாக ஏஎம்இ லைசென்ஸ். இந்தியாவில் அதைக் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ மட்டுமே. எந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கொடுப்பதில்லை.

இது புரியாமல்தான் பல குடும்பங்கள் பணத்தையும் பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளையும் இழக்கின்றன. 'ஏஎம்இ கோர்ஸ் முடித்துவிட்டான், இனி லைசென்ஸ் வந்துவிடும்' என்று காத்திருப்பார்கள். வராது. லைசென்ஸுக்கு இரண்டு கால்கள்: ஒன்று டிஜிசிஏ தேர்வுத் தாள்கள், இன்னொன்று சேவையில் இருக்கும் விமானங்களில் செய்த வேலை அனுபவம். வகுப்பறை முதல் காலுக்கு உதவும். இரண்டாவது காலை ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில்தான் ஊன்ற முடியும். அங்கே இடம் கிடைக்காததால்தான் நிறையப் பேர் பாதியில் நிற்கிறார்கள். அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்: எந்த விமானத்தில், எந்தக் கையெழுத்து வேண்டும், அதற்கு எத்தனை ஆண்டு அனுபவம், அது எங்கே கிடைக்கும், அந்த இடத்துக்கு எந்தப் படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஏரோநாட்டிகல் பி.இ. வேறு, ஏஎம்இ வேறு

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் மிக அதிகம். குரோம்பேட்டை எம்ஐடியில் தொடங்கி எத்தனையோ பொறியியல் கல்லூரிகளில் ஏரோநாட்டிகல் பி.இ. இருக்கிறது. அது விமானத்தை வடிவமைக்க, கணக்கிட, ஆராயச் சொல்லித்தரும் நல்ல படிப்பு. இஸ்ரோ, எச்ஏஎல், டிஆர்டிஓ, மேற்படிப்பு என்று போக நினைப்பவர்களுக்கு அதுதான் பாதை. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு சக்கரம் மாற்றிய வேலைக்குக்கூட கையெழுத்துப் போட முடியாது. பட்டம் பெற்ற பிறகு ஏஎம்இ ஆக நினைப்பவர் தாள்களையும் எழுதி, அனுபவ ஆண்டுகளையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதேபோல 'ஏவியேஷன் மேனேஜ்மென்ட்', 'ஏர்போர்ட் ஆபரேஷன்ஸ்', 'ஏவியேஷன் பி.எஸ்சி.' என்ற பெயர்களில் வரும் படிப்புகள் எவையும் தம்மளவில் லைசென்ஸுக்கான பாதை அல்ல. ஒரு படிப்பு அந்தப் பாதையில் இருக்கிறதா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: 'சிஏஆர்-147 (பயிற்சி நிறுவனங்களுக்கான டிஜிசிஏ விதி) அடிப்படைப் பயிற்சி அங்கீகாரம் உங்களுக்கு இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு?' இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

படி 1: எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

லைசென்ஸ் பற்றிய டிஜிசிஏயின் சிஏஆர்-66 விதிகள் ஐரோப்பாவின் பார்ட்-66 முறையைத் தழுவியவை. அதில் பிரிவுகள் இப்படி வருகின்றன.

'ஏ' பிரிவு லைன் மெயின்டனன்ஸில், அதாவது பறப்புகளுக்கு இடையே நடக்கும் பராமரிப்பில், சிறிய, திட்டமிட்ட வேலைகளுக்கும் எளிய பழுதுகளுக்கும். தன் கையால் செய்த வேலைக்கு மட்டும், நிறுவனம் எழுதிக்கொடுத்த பட்டியலுக்குள் மட்டும் கையெழுத்துப் போடலாம்.

'பி1' மெக்கானிக்கல் பிரிவு: விமானத்தின் உடல், இன்ஜின், இயந்திர அமைப்புகள், மின் அமைப்புகள். அது நான்காகப் பிரிகிறது. பி1.1 டர்பைன் இன்ஜின் விமானங்கள், பி1.2 பிஸ்டன் இன்ஜின் விமானங்கள், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர்கள், பி1.4 பிஸ்டன் ஹெலிகாப்டர்கள். நாம் விமான நிலையத்தில் பார்க்கும் ஏர்பஸ், போயிங், ஏடிஆர் எல்லாம் பி1.1.

'பி2' ஏவியானிக்ஸ்: மின்சாரம், ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், ஆட்டோபைலட்.

'சி' பிரிவு பேஸ் மெயின்டனன்ஸுக்கானது, அதாவது விமானத்தை ஹேங்கரில் நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்புக்கானது. சி-செக் போன்ற பெரிய சோதனைகள் முடிந்தபின் முழு விமானத்தையும் விடுவிக்கும் கையெழுத்து இது. பி1.1, பி1.3 அல்லது பி2 உரிமையைப் பயன்படுத்தி 3 ஆண்டு வேலை செய்தவர்கள் இதற்குப் போகலாம். பதினேழு வயதில் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

முழு லைசென்ஸ் என்று வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பது நடைமுறையில் பி1.1 அல்லது பி2. இரண்டில் எது? உலோகம், ஹைட்ராலிக், இன்ஜின், கிரீஸ் கறை படிந்த கை என்றால் பி1.1. வயரிங் வரைபடத்தை மணிக்கணக்கில் பொறுமையாகத் தொடர்ந்து போகும் மனம், எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வம் என்றால் பி2. பி2-வுக்குக் கணக்கும் எலெக்ட்ரானிக்ஸும் ஆழமாக வேண்டும். நான்காம், ஐந்தாம் தாள்கள் பி1-ஐவிட அவர்களுக்குக் கடினம். நிறக்குறைபாடு இருக்கிறதா என்று இரண்டு பிரிவுக்குமே முன்கூட்டியே கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். வயர் நிறமும் குழாய் அடையாளப் பட்டையும் தினசரி வேலை. எடுக்கும் நிறுவனங்கள் இதைச் சோதிக்கும். படிப்பு முடிந்து வேலைக்கான மருத்துவச் சோதனையில் இது தெரியவருவது மிகக் கொடுமை.

பிஸ்டன் பிரிவுகளில் அனுபவ ஆண்டுகள் குறைவு என்பதற்காக மட்டும் பி1.2-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் களம் பெரும்பாலும் பயிற்சி விமானங்கள். பிறகு பி1.1-க்கு மாற, கூடுதல் தாள்களோடு மேலும் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பி1.1-லிருந்து பி2 சேர்ப்பது அதைவிட எளிது: தாள்களும் 1 ஆண்டு அனுபவமும். இரண்டும் வைத்திருப்பவருக்கு எந்த ஹேங்கரிலும் மதிப்பு உண்டு. ஆனால் முதலில் ஒன்றை முடியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போய் இரண்டிலும் தாள் பாக்கி வைத்திருப்பவர்கள் நிறைய.

படி 2: அனுபவக் கணக்கைப் போட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

அடிப்படைத் தகுதி இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது அதற்கு இணையான பொறியியல் டிப்ளமோ. லைசென்ஸுக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பி1.1, பி1.3, பி2 ஆகியவற்றுக்குத் தேவைப்படும் அனுபவம் நீங்கள் வரும் வழியைப் பொறுத்து மாறும்:

- சிஏஆர்-147 அங்கீகாரம் பெற்ற அடிப்படைப் படிப்பை முழுதாக முடித்தவருக்கு 2 ஆண்டு.
- பொருத்தமான தொழில்நுட்பப் பிரிவில் திறன் பயிற்சி பெற்றவர் என்று டிஜிசிஏ ஏற்றுக்கொண்டால் 3 ஆண்டு.
- முன்பயிற்சி எதுவுமில்லாமல் பராமரிப்பு நிறுவனத்தில் நேரடியாகச் சேர்ந்தவருக்கு 5 ஆண்டு.

இந்த அனுபவம் முழுவதும் பறக்கும் விமானங்களில் செய்த பராமரிப்பாக இருக்க வேண்டும். அதில் குறைந்தது 1 ஆண்டு அண்மைக் காலத்ததாகவும், விண்ணப்பிக்கும் பிரிவைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். கல்லூரி வளாகத்தில் நிறுத்திவைத்திருக்கும் பழைய விமானத்தில் பழகியது இந்தக் கணக்கில் சேராது.

முதல் பாதை: சிஏஆர்-147 படிப்பு. பி1.1-க்கும் பி2-வுக்கும் 2400 மணி நேரம். அதில் பாதி முதல் 60 சதவீதம் வரை வகுப்பறை, மீதி செய்முறை. இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். அதன்பின் 2 ஆண்டு அனுபவம். பிறகு டைப் பயிற்சி, அதாவது ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து உண்மையில் கையெழுத்துப் போடும் நாள்வரை 5 முதல் 6 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்றே ஆண்டில் லைசென்ஸ்' என்ற விளம்பரம் இந்த எளிய கூட்டலிலேயே அடிபட்டுப் போகிறது. பணச் செலவும் இந்தப் பாதையில்தான் அதிகம்.

இரண்டாவது பாதை: டெக்னீஷியனாக உள்ளே நுழைவது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், ஏரோநாட்டிகல் டிப்ளமோ அல்லது பன்னிரண்டாம் வகுப்போடு ஐடிஐ முடித்து, ஏர்லைன் அல்லது பராமரிப்பு நிறுவனத்தில் அப்ரென்டிஸாகவோ டெக்னீஷியனாகவோ சேர்ந்து, வேலை பார்த்தபடியே தாள்களை எழுதுவது. காலம் கூடும், கடன் கூடாது. கையில் சம்பளமும் வரும். வசதி குறைந்த குடும்பங்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். முதல் பாதையில் வருபவர் தேடி அலையும் ஹேங்கர் வாசலுக்குள் இவர் ஏற்கெனவே இருக்கிறார். இதில் ஒரே சிக்கல் 3 ஆண்டா 5 ஆண்டா என்பது. உங்கள் டிப்ளமோவோ ஐடிஐ பிரிவோ திறன் பயிற்சியாக ஏற்கப்படுமா என்று நிறுவனத்தின் தரப் பிரிவு வழியாக எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை விண்ணப்ப நாளில் உதவாது.

மூன்றாவது பாதை: விமானப் படை, கடற்படை, ராணுவ விமானப் பிரிவில் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ராணுவ விமானத்தில் செய்த வேலையும் எண்ணப்படும், ஆனால் அது மட்டும் போதாது. சிவில் சூழலில் கூடுதல் அனுபவம் கேட்பார்கள். பி1, பி2-வுக்கு வழக்கமான அளவு 12 மாதம். பணியில் இருக்கும்போதே தாள்களை எழுதத் தொடங்குவதும், பணிப் பதிவுகளை விமான வகை, வேலை விவரத்தோடு வாங்கி வைப்பதும் பின்னால் மாதக்கணக்கான அலைச்சலைத் தவிர்க்கும்.

படி 3: பயிற்சி நிறுவனத்தைச் சோதியுங்கள்

முதல் பாதைதான் என்று முடிவானால், கட்டணம் கட்டுமுன் நேரில் போங்கள். கண்ணாடி மாளிகையும் வாசலில் நிற்கும் விமானமும் கண்ணை மறைக்கும். கேட்க வேண்டியவை வேறு.

அங்கீகாரச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: செல்லுபடியாகும் தேதி, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம், எந்த முகவரியில் பயிற்சிக்கு அங்கீகாரம். பி1.1-க்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு பி2-வுக்கும் மாணவர் சேர்க்கும் இடம் இருக்கலாம். ஒரே குழுமத்தின் ஒரு கிளைக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கலாம். சான்றிதழில் உள்ளதை டிஜிசிஏ தன் இணையதளத்தில் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை மாணவருக்கு அனுமதி, உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது, படிப்பின் செய்முறைப் பகுதி எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் நடக்கிறது? ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? கடந்த ஆண்டு மாணவர்கள் எத்தனை நாள், எந்த விமானத்தில் நின்றார்கள்? சீனியர் மாணவர் இருவரைத் தனியாகப் பிடித்து அவர்களுடைய லாக்புக்கை, அதாவது செய்த வேலைகளைப் பதியும் ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி 'கவனித்தேன், கவனித்தேன்' என்று இருந்தால் அங்கே செய்முறை நடக்கவில்லை என்று பொருள்.

பட்டறையில் போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் எத்தனை இருக்கிறது, அவற்றில் அளவுச் சரிபார்ப்பு ஸ்டிக்கர் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் காலாவதியான கருவியை மாணவன் கையில் கொடுக்கும் இடம், விமானப் பராமரிப்பின் முதல் பாடத்தையே தவறாகச் சொல்லித்தருகிறது.

'பட்டமும் சேர்ந்து தருகிறோம்' என்பது கெட்டதல்ல. பிற்காலத்தில் வெளிநாட்டுக்கும் நிர்வாகப் பதவிக்கும் பட்டம் உதவும். ஆனால் பட்டத் தேர்வும் டிஜிசிஏ தேர்வும் ஒரே மாதத்தில் மோதும்போது மாணவர்கள் விட்டுவிடுவது டிஜிசிஏ தாளைத்தான். கால அட்டவணையைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: தாள்களை வரிசைப்படுத்துங்கள்

பி1.1-க்கு 13 தாள்கள். கணிதம் 1, இயற்பியல் 2, மின்சார அடிப்படை 3, எலெக்ட்ரானிக்ஸ் அடிப்படை 4, டிஜிட்டல் நுட்பமும் கருவிகளும் 5, பொருள்களும் ஹார்டுவேரும் 6, பராமரிப்பு முறைகள் 7, காற்றியக்கம் 8, மனிதக் காரணிகள் 9, விமானச் சட்டம் 10, விமான அமைப்புகள் 11, காஸ் டர்பைன் இன்ஜின் 15, ப்ரொப்பெல்லர் 17. பி2-வுக்கு முதல் பத்தும், அவற்றோடு 13, 14-ம் சேர்ந்து 12 தாள்கள். பி1.3-க்கு முதல் பத்தோடு 12, 15.

தேர்ச்சி 75 சதவீதம். சராசரியாக ஒரு கேள்விக்கு 75 விநாடி. 20 கேள்விகள் உள்ள சிறு தாளில் 15 சரியாக வேண்டும், ஐந்தைத்தான் தவறவிடலாம். அதனால் சிறிய தாள் எளிய தாள் அல்ல. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எந்தக் கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள்.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் 1, 2, 3 என்று ஆழம் குறித்திருக்கும். 1 என்றால் அறிமுகம். 2 என்றால் கோட்பாடு தெரிந்து பயன்படுத்த வேண்டும். 3 என்றால் முழுதாகப் புரிந்து, சோதனை முடிவைப் பார்த்துப் பழுதைச் சொல்ல வேண்டும். பி1-க்கு பதினொன்றாம் தாளில் பறப்புக் கட்டுப்பாடுகள், ஹைட்ராலிக், லேண்டிங் கியர் எல்லாம் 3. படிக்கும் நேரத்தை இந்த எண்ணைப் பார்த்துப் பங்கிடுங்கள். கணிதத்தில் மூன்று மாதம் செலவழித்துவிட்டு லேண்டிங் கியரை இரண்டு வாரத்தில் ஓட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

நல்ல வரிசை ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பு சூடு ஆறுவதற்குள் 1, 2, 8. பிறகு 3, 4, 5-ஐ இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக. மின்சாரம் மறந்தபின் டிஜிட்டலைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். 6, 7-ஐப் பட்டறைப் பயிற்சி நடக்கும் பருவத்தில் எழுதுங்கள். போல்ட்டு தளராமல் கட்டும் லாக்கிங் வயரை அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு வருமாறு கையால் முறுக்கியவருக்கு அந்தக் கேள்வி மனப்பாடம் இல்லை. 11, 15, 17-ஐ ஹேங்கரில் நிற்கும் காலத்துக்கு வையுங்கள். ப்ளீட் வால்வைக் கண்ணால் பார்த்தபின் படிப்பதும் படத்தில் பார்த்துப் படிப்பதும் ஒன்றல்ல.

பத்தாம் தாளைப் பழைய நோட்ஸை வைத்துப் படிக்காதீர்கள். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2024, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கை மாறி கை மாறி வரும் நகல் நோட்ஸில் இன்னும் பழைய சட்டமே இருக்கும்.

ஒன்பதாம் தாளைப் 'பேச்சுத் தாள்' என்று ஒதுக்குபவர்களுக்காக ஒரு நிகழ்வு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிஏசி ஒன்-இலெவன் விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி பிழைத்தார். கண்ணாடியை மாற்றிய இரவில் 90 போல்ட்டுகளில் 84 குறைந்த விட்டம் உடையவையாகவும், மீதி 6 நீளம் குறைந்தவையாகவும் பூட்டப்பட்டிருந்தன. கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டே புதியது எடுக்கப்பட்டது. பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை. ஆறாம், ஏழாம், ஒன்பதாம் தாள்கள் மூன்றும் இந்த ஒரே இரவுக்குள் இருக்கின்றன. அவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கக் கூடாது.

தேர்வுக்குப் பதிவு டிஜிசிஏயின் பரிக்ஷா இணையதளத்தில். முதலில் கம்ப்யூட்டர் எண் என்ற நிரந்தர எண் வாங்க வேண்டும். இங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் பெயர் முன்பின்னாக என்று மூன்று விதமாக இருக்கும். கம்ப்யூட்டர் எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒத்ததாகத் திருத்திவிடுங்கள்.

தாள் தேர்ச்சிக்கும் ஆயுள் உண்டு: லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 ஆண்டுக்குள் தேறியிருக்க வேண்டும். 5 ஆண்டு அனுபவப் பாதையில் மெதுவாக எழுதுபவர்கள் முதல் தாளின் தேதியைக் குறித்து வையுங்கள்.

படி 5: லாக்புக்கைப் பணம்போலக் காத்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். தாளில் தோற்றால் அடுத்த பருவத்தில் எழுதலாம். போன ஆண்டு செய்த வேலைக்கு இன்று கையெழுத்து வாங்க முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு நிறுவனத்துக்கு, வேறு நாட்டுக்குப் போயிருப்பார்.

ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டியவை: தேதி, இடம், விமான வகை, பதிவு எண், ஏடிஏ அத்தியாய எண் (விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள பொது எண்; லேண்டிங் கியர் 32), வேலை அட்டை அல்லது வொர்க் ஆர்டர் எண், என்ன செய்தீர்கள் என்ற ஒரு வரி, மேற்பார்த்த லைசென்ஸ்காரரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும். 'லேண்டிங் கியர் வேலை' என்று எழுதினால் அது பதிவு அல்ல. '32, இடது மெயின் வீல் எண் 2 மாற்றம், ஆக்சில் நட் டார்க் செய்தது, பிரேக் சோதனை' என்று எழுதினால்தான் அது பதிவு. அன்றன்றைக்கு எழுதி, அந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது பரவல். லைன் ஸ்டேஷனில் இரண்டு ஆண்டு நின்றவரின் லாக்புக்கில் சக்கரம், பிரேக், ஆயில் நிரப்பல், விளக்கு மாற்றம் மட்டுமே இருக்கும். 27 பறப்புக் கட்டுப்பாடுகள், 28 எரிபொருள், 29 ஹைட்ராலிக், 36 நியூமாட்டிக், 49 ஏபியு (துணை மின்சக்தி இன்ஜின்), 71 முதல் 80 வரை இன்ஜின் பகுதிகள் வெறுமையாக இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அத்தியாய வாரியாக எண்ணிப் பாருங்கள். வெறுமையாக உள்ளதை ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அந்த வேலை வரும் நாளில் சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். ஒரு சில மாதமாவது பேஸ் மெயின்டனன்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். விமானத்தின் பேனல்களைத் திறந்து உள்ளே பார்ப்பது அங்கேதான். ஓசூர், ஐதராபாத், நாக்பூர், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் பெரிய விமானங்களுக்கான பராமரிப்பு ஹேங்கர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓசூரும் திருவனந்தபுரமும் எட்டும் தூரம்.

எண்ணப்படாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு ஏற்றுவது, விமானத்தைத் தள்ளும் வண்டி ஓட்டுவது, கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுப்பது போன்றவை பராமரிப்பு அனுபவம் ஆகாது. விமான நிலைய அடையாள அட்டை கழுத்தில் தொங்குவதால் மட்டும் நாள்கள் சேராது. பணி நியமன உத்தரவில் உங்கள் பதவி என்ன, நிறுவனத்துக்கு சிஏஆர்-145 பராமரிப்பு அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே பாருங்கள்.

படி 6: லைசென்ஸ், டைப், ஸ்டாம்ப்

தாள்களும் அனுபவமும் சேர்ந்ததும் டிஜிசிஏயின் இஜிசிஏ தளம் வழியாக விண்ணப்பம். வருவது விமான வகை எதுவும் குறிக்கப்படாத அடிப்படை லைசென்ஸ். இதை வைத்து ஏ320-க்குக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு டைப் ரேட்டிங் வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட டைப் பயிற்சி, அதன் தேர்வு, செய்முறை, உங்கள் பிரிவில் அது முதல் டைப் என்றால் அதற்குமேல் ஹேங்கரில் ஓஜேடி என்ற பணியிடப் பயிற்சி. 50,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானத்தின் டைப் கோட்பாட்டுப் பகுதிக்கு மட்டும் பி1.1-க்குக் குறைந்தது 150 மணி, பி2-வுக்கு 100 மணி.

டைப் என்பது விமானமும் இன்ஜினும் சேர்ந்தது. ஏ320 குடும்பத்திலேயே சிஎஃப்எம்56, வி2500, லீப்-1ஏ, பிடபிள்யு1100ஜி என்று இன்ஜினுக்கு இன்ஜின் ரேட்டிங் தனி. 'ஏ320 டைப்' என்று மொட்டையாகச் சொல்லி விற்கப்படும் பயிற்சியில் எந்த இன்ஜின் என்று கேளுங்கள்.

இங்கேதான் பெரிய பண இழப்பு நடக்கிறது. படிப்பு முடிந்த கையோடு, அடிப்படை லைசென்ஸ் வருமுன்பே, 'டைப் இருந்தால் உடனே வேலை' என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி டைப் பயிற்சி எடுக்கிறார்கள். டைப் பயிற்சி, அதை லைசென்ஸில் சேர்க்க விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குள் தொடங்கி முடிந்திருக்க வேண்டும். அனுபவ ஆண்டுகள் முடிந்து லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் அது காலாவதியாகிவிடலாம். பெரும்பாலான ஏர்லைன்கள் தமக்குத் தேவையான டைப்பைத் தாமே அனுப்பிப் பயிற்றுவிக்கின்றன. பதிலுக்கு ஒப்பந்த ஆண்டுகள் கேட்பார்கள். சொந்தப் பணத்தில் எடுப்பதைவிட அது எத்தனையோ மேல்.

டைப் சேர்ந்தபின்னும் ஒரு படி இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் பராமரிப்பு நிறுவனம் உங்களைச் சோதித்து, தன் நடைமுறைகளைக் கற்பித்து, அங்கீகாரக் கடிதமும் ஸ்டாம்பும் கொடுக்க வேண்டும். நிறுவனம் மாறினால் லைசென்ஸ் உங்களோடு வரும், ஸ்டாம்ப் வராது.

வெளிநாடு மனதில் இருந்தால்

வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று எண்ணம் இருந்தால் அதைப் படிப்பு முடிந்தபின் யோசிக்கக் கூடாது. இந்திய லைசென்ஸ் தானாக எங்கும் மாறாது. துபாயிலும் அபுதாபியிலும் ஜிசிஏஏ, சிங்கப்பூரில் சிஏஏஎஸ், இலங்கையில் சிஏஏஎஸ்எல் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அதிகாரி. தாள்களின் கட்டமைப்பு ஒத்திருந்தாலும் ஏற்பு அவர்கள் கையில். ஐரோப்பிய பார்ட்-66 லைசென்ஸை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஐயாசா நேரடியாகக் கொடுப்பதில்லை, உறுப்பு நாடுகளின் அதிகாரிகள் கொடுக்கிறார்கள். பிரிட்டன் 2021 முதல் அந்தக் கூட்டில் இல்லை, அதன் லைசென்ஸ் தனி.

இந்தியாவிலேயே ஐயாசா தாள்களை எழுத வாய்ப்பளிக்கும் பயிற்சி இடங்கள் உண்டு. தாள்களில் தேறுவது ஒரு பாதிதான். அனுபவத்தை அந்த நாட்டு அதிகாரி ஏற்க வேண்டும் என்பதுதான் கடினமான மறுபாதி. நாங்கள் சொல்லும் வழி: முதலில் டிஜிசிஏ பி1.1 அல்லது பி2, ஒரு டைப், இரண்டு மூன்று ஆண்டு ஸ்டாம்ப். அதன்பின் போக விரும்பும் நாட்டின் விதியைப் படித்து எழுத வேண்டிய தாள்களை எழுதுங்கள். லாக்புக் ஒழுங்காக இருந்தால் அங்கும் அதுதான் பேசும்.

லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று: முந்தைய 2 ஆண்டில் குறைந்தது 6 மாதம் பராமரிப்பு வேலையில் இருந்திருந்தால்தான் கையெழுத்துரிமையைப் பயன்படுத்தலாம். ஸ்டாம்ப் வாங்கிய பிறகும் லாக்புக் எழுதுவதை நிறுத்தாதவர்களுக்கு இந்த 6 மாதத்தைக் காட்டுவது ஒரு நாள் வேலை.